அப்பா ஆங்கிலம் என்று நம்பிய மொழி

போன மாதம் ஹேர்னிங்கில் நடந்த ஒரு சிநேகிதியின் அறுபதாம் பிறந்தநாள் விருந்தில் நீங்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். யாருக்கு எத்தனை மொழி தெரியும் என்று மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தோம். தமிழ், டேனிஷ், ஆங்கிலம், பள்ளிக்கூடத்தில் அரைகுறையாகப் படித்த ஜெர்மன் என்று ஆளுக்கு நான்கு. என் முறை வந்தபோது ஐந்து என்றேன். ஐந்தாவது ஐரிஷ்.

"அயர்லாந்திலை இங்கிலீசுதானே கதைக்கிறவை. ஒண்டை ரெண்டு தரம் எண்ணுறியள் போலை," என்றார் எனக்கு எதிரே இருந்த அண்ணை. மேசையே சிரித்தது.

அப்போது சோறு வந்துவிட்டது, பாட்டும் தொடங்கிவிட்டது. நான் விளக்கம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதில் கிடந்தது. அந்த அண்ணை விட்ட அதே பிழையைத்தான் ஏறக்குறைய நாற்பது வருடத்துக்கு முந்தி என் அப்பாவும் விட்டார். அவர் அந்தப் பிழையை விட்டபடியால்தான் எனக்கு அந்த மொழி கிடைத்தது. நான் தலைக்கு மை பூசுவதை நிறுத்தி ஐந்து வருடமாகிறது. மாடிப்படியைக் கண்டால் முழங்கால்கள் முறைப்பாடு சொல்கின்றன. இந்த வயதில் அடக்கமாக இருந்து என்ன காணப்போகிறேன்? கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் டென்மார்க்கில் இக்காஸ்டுக்கு வந்த இரண்டாவது குளிர்காலம் அது. எனக்குப் பதினைந்து வயது. அப்பா எங்களுக்கு முந்தியே வந்து, ஒரு துணித் தொழிற்சாலையின் சாயப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தார். உங்களில் பலருடைய தாய் தகப்பனும் அப்படியான இடங்களில்தான் நின்றார்கள். அப்பாவின் விரல்களுக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு நிறம். நீலக் கிழமை, சிவப்புக் கிழமை. நகத்தின் ஓரத்தில் ஒட்டிய சாயத்தை எலுமிச்சம்பழத் தோலால் தேய்ப்பார், போகாது. அந்தக் கையோடு கடைக்குப் போனால் மிச்சக் காசை வாங்கும்போது உள்ளங்கையை மட்டும் காட்டுவார். ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். வெள்ளைச் சேர்ட்டைத் தவிர வேறு போடாதவர்.

இளையோருக்கான மாலைப் பள்ளியை ஞாபகம் இருக்கும். உங்டொம்ஸ்கோலெ என்பார்கள். பதினாலு வயதிலிருந்து பதினெட்டு வரையான பிள்ளைகள் பின்னேரத்தில் போய் விரும்பியதைப் படிக்கலாம். கோடை முடியும்போது அதன் மஞ்சள் அட்டைப் புத்தகம் தபால்பெட்டிக்குள் வந்து விழும். மோட்டர்சைக்கிள் திருத்துவது, புகைப்படம் கழுவுவது, தையல், பட்மின்டன். அப்பா அதை அகராதியும் கையுமாக இரண்டு நாள் வாசித்தார். ஆங்கில வகுப்பு நிரம்பிவிட்டது என்று பதில் வந்ததும் அடுத்த பக்கத்தில் 'இர்ஸ்க்' என்று இருந்ததைக் கண்டுபிடித்தார். ஐரிஷ். படிப்பிப்பவர் அயர்லாந்தில் பிறந்தவர் என்றும் போட்டிருந்தது.

"டேனிஷ்காரர் படிப்பிக்கிற இங்கிலீசிலை டேனிஷ் மணக்கும்," என்றார் அம்மாவிடம். "இது அந்த ஊர்க்காரியே நேரா வந்து படிப்பிக்கிறா. பிள்ளையின்ரை நாக்குத் திருந்தும்."

"பின்னேரம் ஏழு மணிக்குப் பொம்பிளைப்பிள்ளை தனியச் சைக்கிளிலை போறதோ?" என்று அம்மா கேட்டா.

"நான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிக்கொண்டு வாறன்."

சொன்னபடி செய்தார். செவ்வாய்க்கிழமைகளில் காலை வேலையாக மாற்றிக் கேட்டு வாங்கினார். நான் சைக்கிளில், அவர் பக்கத்துச் சைக்கிளில். வகுப்பு முடியும்வரை சைக்கிள் நிறுத்துகிற கூரைக்குக் கீழேயே நிற்பார். உள்ளே வந்து நிற்கச் சொன்னாலும் வரமாட்டார். குளிருக்குக் கையை மடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். விரல்களை மறைத்துக்கொண்டு நின்றார் என்பது எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் விளங்கியது.

வகுப்பு நடந்தது சமையல் படிப்பிக்கிற அறையில். வேறு அறை கிடைக்கவில்லை. நான்கு அடுப்புகள், ஈஸ்ட் மணம், ஈரத் துணி மணம், சுவரில் மாட்டின் உடம்பை எந்த எந்தத் துண்டாக வெட்டுவது என்று காட்டும் படம். ரீச்சருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரு டேனிஷ்காரரைக் கட்டி இங்கே வந்தவர். பகலில் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை. மழைச்சட்டையோடு வந்து, அதைக் கழற்ற மறந்து பாதி வகுப்பை எடுத்து முடித்துவிடுவார். அவருடைய டேனிஷ் என்னுடையதைவிட மோசம். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அவர் முதல் வசனத்தைச் சொன்ன உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது ஆங்கிலம் இல்லை. ஆங்கிலத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம்கூட இல்லை. எழுந்து வெளியே போய் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ரீச்சர் எங்களை எண்ணினார். விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணி, ஆறு என்றதும் கண்ணை மூடித் திறந்தார். ஆறு பேருக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்களாம். சரியாக ஆறு பேர் இருந்தோம். அயர்லாந்திலிருந்து வாங்கின குட்டிக்குதிரை வைத்திருந்த ஒரு பண்ணைக்காரப் பெட்டை, பட்மின்டன் வகுப்பு நிரம்பிவிட்டதால் வந்த இரட்டைச் சகோதரிகள், கிதார் அடிக்கிற நெட்டைப் பொடியன், பள்ளிக்கூடக் காரியதரிசியின் மகன், நான். நான் போனால் ஐந்து.

அதோடு, உண்மையைச் சொல்ல வேண்டும், கிழமையில் அந்த ஒரு பின்னேரம்தான் நான் வீட்டைவிட்டு வெளியே இருந்த நேரம். அதை இழக்க எனக்கு மனமில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அப்பா கேட்டார். "என்ன படிச்சனீ? சொல்லு பாப்பம்."

நான் பயந்து பயந்து ஒரு வசனம் சொன்னேன். 'தா லவர் அகம்.' 'என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது' என்று அர்த்தம்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொருக்காச் சொல்லு." சொன்னேன். "பாத்தியோ," என்றார் அம்மாவிடம், "நாங்கள் படிச்சது ஒண்டும் இங்கிலீசே இல்லை. இதுதான் சுத்தமான உச்சரிப்பு."

அன்று தொடங்கியது அந்தப் பொய். பொய் சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது, திருத்தவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் நான் படித்ததை அவர் சொல்லச் சொல்லிக் கேட்டு, பின்னால் தானும் சொல்லிப் பழகினார். வேலை நேர அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வார். சப்பாத்து நாடா கட்டும்போது முணுமுணுப்பார். அம்மா தைத்துக்கொண்டு இருந்தபடி ஒரு நாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "டீவியிலை வாற இங்கிலீசு இப்பிடி இல்லையே பிள்ளை," என்றா. "அது அமெரிக்கா," என்று அப்பா முந்திக்கொண்டார்.

சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த அவருடைய போர்மன் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த மனிதர். அப்பா ஒரு நாள் அவரிடம் ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். போர்மனுக்கு விளங்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து, "நல்ல மனுசன், ஆனா இங்கிலீசு காணாது," என்றார். அதோடு, போர்மனிடம் தன் மகள் அயர்லாந்துக்காரியிடமே ஆங்கிலம் படிப்பதாக விளக்கமும் சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஆனால் வகுப்பில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். பகல் பள்ளிக்கூடத்தில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். பின் வரிசை வாங்கில். கேட்டது விளங்கினாலும், பதில் தெரிந்தாலும், வாய் திறப்பதற்குள் அடுத்தவன் சொல்லிவிடுவான். எங்களிடம் இருந்த தமிழ் அங்கே ஒரு காசுக்கும் உதவாத சாமான்.

ஐரிஷ் மொழியில் 'என்னிடம் புத்தகம் உண்டு' என்பதற்கு 'நான் வைத்திருக்கிறேன்' என்று சொல்ல முடியாது. புத்தகம் என்னிடம் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். டேனிஷ் பிள்ளைகள் ஐந்து பேரும் இதில் தடுக்கி விழுந்தார்கள். ஏன் புத்தகம் தானாகப் போய் ஒருவரிடம் இருக்கவேண்டும் என்று கிதார்ப் பொடியன் வாதாடினான். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். அதிலும் 'என்னிடம்' என்பதற்கு அவர்களுடைய சொல் 'அகம்'. ரீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதி வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விருப்பமும் அப்படித்தான். 'நான் விரும்புகிறேன்' இல்லை, 'எனக்கு விருப்பம்'. 'ஆம்', 'ஓம்' என்பதற்குத் தனிச் சொல்லே அந்த மொழியில் இல்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்று வினைச்சொல்லையே திருப்பிச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கிழமை முடிவதற்குள் ரீச்சர் கேள்வி கேட்டால் ஐந்து தலைகளும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தன. டென்மார்க்கில் ஒரு வகுப்பறையில், தமிழ் தெரிந்தபடியால் நான் முதலாவதாக வந்தேன். இதற்குப் பிறகு எனக்குப் பல சான்றிதழ்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்றும் அந்தத் தலைகள் திரும்பியதுக்கு ஈடாகாது.

மார்கழியில் வந்த நத்தார் விடுமுறைக்குப் பிறகு இறந்தகாலம் தொடங்கியது. ஓய்வு நேரத்தில் என்ன செய்தாய் என்று கேட்டு, பதில் சொல்லப் பழக்குவதுதான் அந்தப் பருவம் முழுக்கப் பாடம். ரீச்சர் தானே படம் கீறிய மட்டைகள் கொண்டுவந்தார். பந்து, நீச்சல் குளம், கிதார், சினிமாக் கொட்டகை. அவருக்குக் கீற வராது; குதிரை நாய் மாதிரி இருந்தது, பண்ணைக்காரப் பெட்டை கோபித்தாள். தமிழில் காலம் சொல்லின் நடுவில் ஒளிந்திருக்கும். அந்த மொழியில் அது வாசலிலேயே நிற்கும். பல சொற்களில் முதலெழுத்தின்மேல் ஒரு ஊது ஊதினால் நடந்து முடிந்ததாகிவிடும். 'டிட்' என்றால் விழு. 'ஹிட் மே' என்றால் விழுந்தேன்.

'காட் அ ரின்ய தூ?' என்று கேட்பார். என்ன செய்தாய்? ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். 'டிமிர் மே' என்றால் விளையாடினேன். கிதார்ப் பொடியன் கால்பந்து விளையாடினான். இரட்டைச் சகோதரிகள் நீந்தினார்கள். பண்ணைக்காரப் பெட்டை குதிரையில் ஓடினாள். சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள் என்று அடுத்த சுற்று. என் முறை வந்தது. ரீச்சர் என்னைப் பார்த்தார், மட்டையைக் கீழே வைத்தார், மெதுவான குரலில் டேனிஷில் சொன்னார்: "நீ சொல்லத் தேவையில்லை."

பிறகு அடுத்தவனிடம் போய்விட்டார்.

அவர் நல்ல மனதோடுதான் செய்தார். போர் நடக்கிற நாட்டிலிருந்து வந்த பிள்ளைகளிடம் பழசைக் கிளறாதீர்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நாட்களில் எங்களை எல்லாரும் அப்படித்தான் நடத்தினார்கள், உங்களுக்குத் தெரியும். குண்டு விழுந்த நாளைத் தவிர எங்களுக்கு வேறு நாளே இருக்கவில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். ஆனால் பதினைந்து வயதில் எனக்கு அந்த நல்ல மனது தெரியவில்லை. அடுப்பில் கொதிக்கிற பால்மாதிரி கோபம் ஏறியது. காரியதரிசியின் மகன் தன் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே நான் சத்தமாகச் சொன்னேன்.

"டிமிர் மே கிளித்தட்டு."

ரீச்சர் திரும்பினார். "என்ன அது?"

அதற்கு என்னிடம் டேனிஷும் இல்லை, ஐரிஷும் இல்லை. எழுந்துபோய்க் கரும்பலகையில் நீளப் பெட்டி கீறினேன். நடுவே ஒரு கோடு, குறுக்கே கோடுகள். இந்தக் கோடுகளில் மறிக்கிறவர்கள், இவர் கிளி, எல்லாக் கோட்டிலும் ஓடலாம், மற்றவர்கள் தொடுபடாமல் கடக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூட வளவில் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் விளையாடுவோம். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் சுவரோடு ஒதுங்கி நிற்போம். அது போனதும் யார் எந்தப் பெட்டிக்குள் நின்றது என்று சண்டை பிடித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவோம். அவ்வளவையும் மூன்று மொழியிலும் கையாலும் சொன்னேன். சொல்லி முடிக்க மூச்சு வாங்கியது.

"சோக்கட்டி இருக்கிறது, கோடு கீறலாம்," என்றான் கிதார்ப் பொடியன். "வெளியே லைட்டும் இருக்கிறது."

ரீச்சர் மழைச்சட்டையைத் தேடினார். அதைப் போட்டுக்கொண்டுதான் நின்றார்.

பள்ளிக்கூட முற்றத்தில் பனி பூத்த கல்லில் சோக்கட்டி சரியாகப் பிடிக்கவில்லை. கோடு கோணலாக வந்தது. மூன்று பேர் மறிக்க, மூன்று பேர் கடக்க, ரீச்சர் கிளி. ஒருவர் ஓடினால் 'ரிஹ் மே', ஓடினேன் என்று கத்த வேண்டும். விழுந்தால் 'ஹிட் மே'. நிறையப் பேர் விழுந்தார்கள். கடைசிக் கோட்டைத் தாண்டித் திரும்பி வருகிறவர் பழம். அதற்கு ஐரிஷில் என்ன சொல்வது என்று ரீச்சருக்குத் தோன்றவில்லை, அப்படியே விட்டுவிட்டோம். இக்காஸ்டில் ஐந்து டேனிஷ் பிள்ளைகளும் ஒரு ஐரிஷ்காரியும் "பழம், பழம்" என்று கத்தினார்கள். சைக்கிள் கூரைக்குக் கீழே நின்ற அப்பா என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததை நான் கண்டேன். வீட்டுக்குப் போகும்போது, "விளையாட்டிலையும் இங்கிலீசு படிப்பிக்கினம் போலை," என்றார். "வூஅய் மே," என்றேன். வென்றேன். அவர் அதையும் சொல்லிப் பழகினார்.

சித்திரை மாதத்தில் மாலைப் பள்ளியின் நிறைவு விழா. ஒவ்வொரு வகுப்பும் பெற்றோருக்கு முன்னால் எதையாவது செய்து காட்ட வேண்டும். எங்கள் வகுப்பு, ஓய்வு நேரத்தில் என்ன செய்தோம் என்று ஒவ்வொருவரும் எழுந்து பேசுவது. அழைப்புக் கடிதத்தை நான் புத்தகப்பைக்குள் ஒரு கிழமை வைத்திருந்தேன். ஆனால் போர்மனின் மகள் புகைப்பட வகுப்பில் இருந்தாள். போர்மன் அப்பாவிடம், "வருகிறாய்தானே?" என்று கேட்டுவிட்டார்.

அம்மாவுக்குப் பின்னேர வேலை, வரமுடியவில்லை. அப்பா கலியாணத்துக்குத் தைத்த சாம்பல் நிறக் கோட்டை எடுத்தார். கண்ணாடிக்கு முன்னால் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டிருந்தபோது நான் கதவடியில் நின்றேன்.

"அப்பா, அது வந்து..."

"பயப்பிடாதை பிள்ளை," என்றார். "பிழை விட்டாலும் ஒருத்தருக்கும் விளங்காது. இஞ்சை எல்லாருக்கும் இங்கிலீசு அரைகுறைதான்."

விளையாட்டு மண்டபத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கோப்பிக் குடுவைகள், கேக். அப்பா மூன்றாவது வரிசையில், போர்மனுக்குப் பக்கத்தில். எங்கள் முறை வந்தபோது பள்ளி அதிபர் எழுந்து எங்களை அறிமுகப்படுத்தினார். அடுத்தது ஐரிஷ், என்றார். பலர் இதை ஆங்கிலம் என்று நினைக்கிறார்கள், ஆங்கிலம் அல்ல, ஆங்கிலம் அந்தத் தீவுக்கு வருவதற்கு முன்பே அங்கே இருந்த மொழி, இப்போது கொஞ்சப் பேர்தான் வீட்டில் பேசுகிறார்கள், என்றார். நிறுத்தி நிறுத்தித் தெளிவான டேனிஷில் சொன்னார். அப்பாவுக்கு விளங்கும் அளவுக்குத் தெளிவாக.

அப்பா கோப்பிக் கோப்பையை மடிக்குக் கொண்டுபோனார். போர்மன் அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்பா போர்மனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

நான் மண்டபச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துப் பேசினேன். கிளித்தட்டு விளையாடினேன், ஓடினேன், விழுந்தேன், வென்றேன், என் சிநேகிதி கிளியாக இருந்தாள், அவளைப் பிடிக்க யாராலும் முடியாது. பன்னிரண்டு வசனம். ஒன்றிலும் தடுக்கவில்லை. கை தட்டினார்கள்.

பிறகு ரீச்சர் திட்டத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். பெற்றோர் பக்கம் திரும்பி, "இனி உங்கள் முறை. சின்ன வயதில் என்ன செய்தீர்கள்? டேனிஷில் சொன்னாலும் போதும்," என்று சிரித்தார். முதல் வரிசையிலிருந்த கிதார்ப் பொடியனின் தாயிடம், "காட் அ ரின்ய தூ?" என்று கேட்டார். அவர் ஹாண்ட்போல் என்று டேனிஷில் சொன்னார். இரண்டாவது வரிசையில் ஒருவர் தபால்தலை சேர்த்தாராம். மூன்றாவது வரிசைக்கு வந்தார். போர்மனிடம் கேட்டார், அவர் மீன்பிடித்தேன் என்றார். அடுத்து அப்பா. ரீச்சர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். என்னிடம் காட்டிய அதே நல்ல மனதோடு புன்னகைத்துவிட்டு, அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போனார்.

அப்பா எழுந்து நின்றார்.

அவர் வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். போயிருக்கலாம். கோட்டுப் பொத்தானைப் போட்டார். நீலக் கிழமை, விரல்கள் நீலமாக இருந்தன. எதிரே இருந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் எல்லாரும் பார்க்கப் பிடித்துக்கொண்டார்.

"டிமிர் மே வொலிபோல்," என்றார்.

ரீச்சர் போன இடத்திலேயே நின்று திரும்பினார்.

"ரிஹ் மே," என்றார் அப்பா. "ஹிட் மே." கொஞ்சம் நிறுத்தி, சப்பாத்து நாடா கட்டும்போது சொல்கிற அதே நிதானத்தில், "வூஅய் மே," என்றார்.

ரீச்சர் வாயில் கையை வைத்திருந்தார். பிறகு கையை எடுத்து, அவரிடம் கேட்டார்: "அர் வூஅய் தூ?" வென்றீர்களா?

அந்த மொழியில் 'ஓம்' கிடையாது என்று சொன்னேனே. அப்பா டேனிஷில் 'யா' என்று சொல்லவில்லை, தலையையும் ஆட்டவில்லை. "வூஅய்," என்றார். வென்றேன்.

அந்த மண்டபத்தில் அந்தப் பின்னேரம் ஐரிஷில் பதில் சொன்ன ஒரே தகப்பன் அவர்தான். முதலில் கை தட்டியது போர்மன். பிறகு எல்லாரும். ரீச்சர் அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை, மழைச்சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

வீட்டுக்குப் போகும்போது இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பாதி வழியில் அவர் கழுத்துப்பட்டியைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"அஞ்சாறு மாசம்," என்றார். "வேலையிடத்திலை நான் என்னெண்டு சொல்லித் திரிஞ்சனான் தெரியுமோ உனக்கு? ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"ஆறு பேர் இல்லாட்டி வகுப்பை மூடிப்போடுவினம் அப்பா."

"அதுக்காக?"

"எனக்கு அங்கை போக விருப்பமாயிருந்தது. அங்கை நான்தான் முதலாம் பிள்ளை."

அவர் அதை யோசித்துக்கொண்டு வந்தார். ரயில் கடவை மூடியிருந்தது, நின்றோம். ஹேர்னிங் பக்கம் போகிற ரயில் கடந்தது.

"முதலாம் பிள்ளையோ?" என்று கேட்டார்.

"ஓம்."

கடவை திறந்தது. அவர் நகரவில்லை. "நான் வெண்டனெண்டு சொன்னது பொய்," என்றார். "கடைசி ஆட்டத்திலை தோத்தனாங்கள். நான்தான் பந்து எழுப்பிக் குடுக்கிறது. ரெண்டு புள்ளி வித்தியாசத்திலை தோத்தது. 'தோத்தன்' எண்டதுக்குச் சொல்லு நீ எனக்குச் சொல்லித் தரேல்லை."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் நிறுத்தவில்லை. ஊரில் எந்தப் பனைக்கும் எந்தப் பனைக்கும் நடுவே வலை கட்டினார்கள், யார் கால் விரலில் நின்று அடிப்பான், எந்த ஊருக்குச் சைக்கிளில் போய் விளையாடினார்கள், சங்கக்கடையை அரை மணித்தியாலம் முந்திப் பூட்டிவிட்டு ஓடியதற்குச் சங்கத் தலைவரிடம் வாங்கிய ஏச்சு. பதினைந்து வருடம் அவருடைய மகளாக இருந்தும் இதில் ஒரு சொல்லும் நான் கேட்டதில்லை. இங்கே வந்த நாளிலிருந்து யாரும் அவரிடம் என்ன விளையாடினாய் என்று கேட்டதில்லை. என்ன வேலை செய்தாய், எத்தனை பிள்ளை, எந்த வழியாக வந்தாய். ரீச்சர் என்னைத் தாண்டிப் போனதற்குக் கோபப்பட்ட நானும் அவரிடம் கேட்டதில்லை. அப்பாவுக்கு வேலையும் எங்கள் படிப்பும் தவிர வேறொன்றும் தெரியாது என்றுதான் நானும் முடிவுகட்டி வைத்திருந்தேன்.

அடுத்த வருடத்து மஞ்சள் புத்தகத்தில் ஐரிஷ் இருக்கவில்லை. ரீச்சரின் கணவருக்கு பிரெடெரிசியாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். போகும்போது தன் குரலில் வசனங்களைப் பதிந்து ஒரு கசெட் தந்தார். அதன்மேல் யாரோ மாமாவின் கலியாணத்தைப் பதிந்துவிட்டோம். வகுப்பில் எழுதிய என் நீலக் கொப்பி சில்க்போர்க்குக்கு வீடு மாறியபோது தொலைந்தது. இப்போது என்னிடம் இருப்பது நாற்பது ஐம்பது வசனம்தான். ஆனாலும் அதை மொழி என்றே எண்ணுவேன்.

போர்மன் சும்மா இருக்கவில்லை. விழா முடிந்த திங்கட்கிழமையே சாயத் தொட்டியடிக்கு வந்து, தொழிற்சாலை வொலிபோல் அணிக்குப் பந்து எழுப்ப ஆள் இல்லை என்று சொன்னார். எங்கே ஐரிஷ் படித்தாய் என்று அவர் கேட்பார் என்று அப்பா காத்திருந்தாராம். அவர் கேட்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை பயிற்சி, வா, என்றார்.

இலையுதிர் காலத்தில் முதல் ஆட்டம். வெளியூர்த் தொழிற்சாலை ஒன்றோடு. எதிரணியில் கட்டையான ஆளே அப்பாவைவிட ஒரு சாண் உயரம். அம்மா பின்னேர வேலையை மாற்றிக்கொண்டு, தேத்தண்ணிப் போத்தலோடு வந்து பக்கத்து வாங்கில் இருந்தா. மண்டபத்துச் சூட்டிலும் கோட்டைக் கழற்றவில்லை. புள்ளி காட்டும் பலகையில் இலக்கங்களைத் திருப்புகிற வேலையை என்னிடம் தந்திருந்தார்கள்.

அம்மா அப்பாவைக் கட்டியது அவர் விளையாட்டை விட்ட பிறகு. அவர் ஓடியதைக்கூட அவ பார்த்ததில்லை. இரண்டாவது சுற்றில் ஒரு பந்து வலைக்கு வெகு தூரத்தில் தாழ்ந்து போனது. எல்லாரும் விட்டுவிட்டார்கள். அப்பா போனார். நாற்பத்தைந்து வயது, கடன்வாங்கிய முழங்கால் பட்டி. நெஞ்சு நிலத்தில் உராய நீட்டி விழுந்து, சிவப்புச் சாயம் ஏறிய விரல்களால் பந்தை மேலே எழுப்பினார். அது நேராக வலைக்கு மேலே போய், யாரோ அடிக்கவென்று வைத்ததுபோல நின்றது. போர்மன் எழும்பி அடித்தார்.

அப்பா நிலத்திலிருந்து எழுந்து, எங்களைப் பார்க்காமல், அடுத்த பந்துக்குத் தன் இடத்துக்கு ஓடினார்.

"எடி பிள்ளை," என்றா அம்மா, கண்ணை எடுக்காமல். "இந்த மனுசனையோ நான் கட்டியிருக்கிறன்?"

நடுவர் விசில் ஊதி என்னைக் கூப்பிட்டார். நான் இன்னும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், புள்ளியைத் திருப்பவில்லை. இரண்டாம் தரம் ஊதினார்.